ரேடியோ திண்ணைக்குத் திரும்பி வந்த வருடம்

எங்கள் வீட்டு ரேடியோவின் பின்பக்க மூடி நிற்காது. பேட்டரி போடுகிற இடத்துக் கொக்கி எப்போதோ ஒடிந்துபோய்விட்டது, அப்பா அதன் குறுக்கே ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு வைத்திருக்கிறார். ஏரியலும் பாதிதான் இருக்கிறது. மிச்சப் பாதிக்கு ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி, அதன் மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறார். கஜா புயலுக்கு அப்புறம் வாங்கிய ரேடியோ அது.

வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா கரையேறியபோது எங்கள் தெருவில் ஒரு தென்னை மிச்சமில்லை. மின்சாரம் திரும்ப வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. செல்போன் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன, டிவி கிடையாது, பேப்பர் வருகிற ரோட்டில் மரங்கள் கிடந்தன. அப்பா சைக்கிளிலேயே திருத்துறைப்பூண்டி போய் இந்த ரேடியோவை வாங்கி வந்தார். நிவாரணப் பொருள் எங்கே வருகிறது, கரண்ட் எந்தப் பக்கம் வந்துவிட்டது என்று தெரு ஜனமே எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டது. கரண்ட் வந்தது, ரேடியோ பரணுக்குப் போனது. அதைப் பற்றி அப்புறம் யாரும் நினைக்கவில்லை.

2020 மார்ச் 21, சனிக்கிழமை காலை நான் சென்னையிலிருந்து ஊருக்கு வந்தேன். ஞாயிறு மக்கள் ஊரடங்கு, திங்களும் செவ்வாயும் லீவு, செவ்வாய் இரவு பஸ் ஏறிவிடலாம் என்று இரண்டு செட் துணிதான் எடுத்து வந்திருந்தேன். செவ்வாய் மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 வந்தது, அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு. 21 நாள் என்பது ஆறு மாதமாகும் என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதுவரை எனக்கு ரேடியோ என்றால் பழைய மகாபலிபுரம் சாலைதான். வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர் போகிற முக்கால் மணி நேரம், காதில் ஹெட்போன், இரண்டு மூன்று தனியார் எஃப்.எம்., விளம்பரம் வந்தால் அடுத்த ஸ்டேஷன், எங்கே டிராஃபிக் என்று ஒரு வரி, ஆபீஸ் வாசலில் இறங்கியதும் முடிந்தது. பக்கத்து சீட்டில் இருக்கிறவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் என்னுடையது தெரியாது. பயணம் நின்ற மறுநாளே அந்த ரேடியோவும் நின்றுவிட்டது, நின்றதை நான் கவனிக்கக்கூட இல்லை. உலகம் முழுக்க இதுதான் நடந்திருக்கிறது. காரில் கேட்கிறவர்களையும் காலை அவசரத்தையும் நம்பி நடந்த ஸ்டேஷன்களுக்குத் திடீரென்று ரோட்டில் ஆளே இல்லை. ஆனால் கேட்பது குறைந்துவிடவில்லை, வீட்டுக்குள் நகர்ந்துவிட்டது. அமெரிக்காவில் அந்த மார்ச் மாதமே நீல்சன் நிறுவனம் கேட்டபோது, 100-ல் 83 பேர் முன்பு கேட்ட அளவோ அதற்கு மேலோ ரேடியோ கேட்கிறோம் என்று சொன்னார்கள். பிரிட்டனில் ரேடியோ நேயர்களைக் கணக்கெடுக்கிற ராஜர் அமைப்பு, வீடு வீடாக ஆள் அனுப்ப முடியாததால் கணக்கெடுப்பையே நிறுத்திவிட்டது. அதாவது மக்கள் ரேடியோ கேட்கிற விதம் தலைகீழாக மாறிக்கொண்டிருந்த மாதங்களில் அதை அளக்க ஆள் இல்லை. எங்கள் பக்கத்து ஊர்களையெல்லாம் எப்போதுமே யாரும் அளந்ததில்லை, அதனால் நான் கண்ணால் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

முதல் பத்து நாள் எங்கள் வீட்டில் டிவிதான். காலை எழுந்ததும் போட்டால் இரவு படுக்கிறவரை ஓடியது. திரையின் கீழே ஒரு வரி, அதன் கீழே இன்னொரு வரி, ஓரத்தில் இத்தாலி, ஸ்பெயின், அமெரிக்கா என்று எண்கள் ஏறிக்கொண்டே இருக்கும். மாலையில் சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் வந்து அன்றைய எண்ணிக்கையைச் சொல்வார், அதற்கு முன்பே வீடு முழுக்கப் பேச்சு நின்றுவிடும். அவர் சொல்லி முடித்த அதே எண்ணை ஒவ்வொரு சேனலும் இரவு 11 மணிவரை புதிதாகச் சொன்னது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, "இன்னிக்கு எத்தனைன்னு சொன்னாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். சீரியல் பார்த்தாவது கொஞ்சம் மறப்பார் என்றால் மார்ச் 19-லேயே படப்பிடிப்புகளை நிறுத்திவிட்டார்கள், எடுத்து வைத்த பகுதிகள் தீர்ந்ததும் பழையதையே திரும்பப் போட்டார்கள்.

பேப்பரையும் நிறுத்தினோம். பேப்பர் வழியாக வைரஸ் வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ வந்தது, தெருவில் பாதி வீடு அதைக் கேட்டுத்தான் நிறுத்தியது. அந்த ஆடியோக்களைப் பற்றி எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. "நான் ஒரு டாக்டர் பேசுறேன், இதை எல்லாருக்கும் அனுப்புங்க" என்று ஆரம்பிக்கும். எந்த ஊர் டாக்டர், எந்த ஆஸ்பத்திரி, எதுவும் இருக்காது. அழுகிற குரல், பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம். எங்கள் பெரியம்மா அதை முழுசாக நம்பி, பேரப்பிள்ளைகளுக்குப் பச்சைப் பூண்டு கொடுத்து வாயெல்லாம் வெந்துபோனது. போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன்பு ஒருவர் இருமுவார், அதற்கு அப்புறம்தான் விழிப்புணர்வுச் செய்தி. பெற்ற பிள்ளையைக் கூப்பிட்டால் முதலில் இருமல் கேட்கிறது என்று அம்மா போனைத் தொடவே யோசித்தார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் அப்பா டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பரணில் ஏறினார். ரேடியோவை இறக்கிப் பார்த்தால் உள்ளே பழைய பேட்டரிகள் கசிந்து, சுருள் கம்பியெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. திண்ணையில் பழைய துண்டை விரித்து, உப்புத்தாளைச் சுண்டுவிரல் அகலத்துக்குக் கிழித்து, பென்சில் முனையில் சுற்றி, ஒவ்வொரு சுருளாகத் தேய்த்தார். பித்தளை நிறம் தெரிகிறவரை விடவில்லை. கடை அப்போது மதியம் 1 மணி வரைதான். 12 மணிக்கு நான் ஓடிப்போய்ப் பேட்டரிக் கட்டைகள் வாங்கி வந்தேன். போட்டு, ரப்பர் பேண்டை மாட்டி, திருகைத் திருப்பினால் முதலில் கரகரவென்ற சத்தம்தான். அப்பா முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். காரைக்கால் பண்பலை 100.3 வந்தது, நடுப்பாட்டில்.

மறுநாள் காலை 7.15-க்கு ஆகாசவாணி செய்தி. கொரோனாதான் முழுக்க. நேற்று டிவியில் இரவு 11 மணிவரை கேட்ட அதே விஷயங்கள், அதே எண்கள். ஆனால் பத்து நிமிடத்தில், "இத்துடன் செய்திகள் நிறைவடைந்தன" என்று அந்தக் குரல் சொன்னது. சொல்லிவிட்டுப் போய்விட்டது. ஒரு நொடி அமைதி, அப்புறம் ஏதோ ஒரு பாட்டு. அம்மா எழுந்து போய் உலையில் அரிசி போட்டார்.

இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். செய்தி முடிந்தது என்று அந்த வருடம் முதன்முதலாக எங்களிடம் ஒருவர் சொன்னார். டிவியில் செய்திக்கு முடிவு கிடையாது, போனில் விரலால் தள்ளத் தள்ள அடியில் இருந்து வந்துகொண்டே இருக்கும். எவ்வளவு தெரிந்துகொண்டால் போதும் என்று நாமே முடிவுசெய்ய வேண்டியிருந்தது, பயந்துபோய் இருக்கிறவரால் அதை முடிவுசெய்ய முடியாது. ரேடியோ அந்த முடிவை எங்களுக்காக எடுத்தது. இன்றைக்குக் காலைக்கு இவ்வளவுதான், அடுத்தது மதியம் வா. அம்மா அன்றிலிருந்து ராத்திரி எழுந்து எண்ணிக்கை கேட்பது ஒரே நாளில் நின்றதென்று சொல்ல மாட்டேன், ஆனால் ஏப்ரல் முடிவதற்குள் நின்றது.

வீட்டுக்கு ஒரு நாள்கணக்கு வந்துவிட்டது. 6.45-க்குச் சென்னையிலிருந்து மாநிலச் செய்தி, அப்பா பல் துலக்கிக்கொண்டே கேட்பார். 7.15-க்குக் காப்பி. மதியம் 1.45 திருச்சிச் செய்திக்கு முன்பு சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். ஞாயிறா திங்களா என்றே தெரியாமல் போன அந்த மாதங்களில், நேரம் என்று ஒன்று இருக்கிறது என்பதை எங்களுக்குச் சொன்னது அந்தப் பெட்டிதான். அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு. மார்ச் 27-ல் ஆரம்பிக்க வேண்டிய பரீட்சை, ஜூன் 1 என்றார்கள், ஜூன் 15 என்றார்கள், புத்தகத்தை மூடவும் முடியாமல் படிக்கவும் முடியாமல் அந்தப் பிள்ளை இளைத்துவிட்டது. ஜூன் 9 அன்று, பரீட்சை ரத்து, எல்லோரும் தேர்ச்சி என்று பக்கத்து வீட்டுப் பையன் டிவியில் பார்த்து ஓடிவந்து சொன்னான். அவள் நம்பவில்லை. திருச்சிச் செய்தியில் சொல்லட்டும் என்று 1.45 வரை ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தாள். சொன்னார்கள். அப்புறம்தான் அழுதாள்.

அந்த நம்பிக்கை எங்கள் பக்கத்தில் பழையது. அறுபதுகளில் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சியைக் கேட்டுத் தஞ்சை ஜில்லா முழுக்க ஆடுதுறை 27 நெல்லைப் போட்டார்கள், அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் விழுந்துவிட்டது. தாத்தா போட்டிருக்கிறார். அப்பாவின் தலைமுறைக்குச் செய்தி என்றால் சரோஜ் நாராயணசுவாமியின் குரல். பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வாசிக்க ஆரம்பிப்பார்கள், அதை நான் சின்ன வயதில் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். பெயரே இல்லாத டாக்டர்களின் ஆடியோக்களை மூன்று வாரம் கேட்ட பிறகுதான் அந்தப் பெயரின் அருமை புரிந்தது. இன்னார் வாசிக்கிறேன், இந்த நிலையத்திலிருந்து வாசிக்கிறேன் என்றால், தப்பாகச் சொன்னால் வந்து கேட்பதற்கு ஒரு ஆளும் ஒரு இடமும் இருக்கிறது என்று அர்த்தம்.

கேட்கிற இடமும் மாறியது. மாலையில் அப்பா ரேடியோவைத் திண்ணை ஓரத்தில் வைத்துச் சத்தத்தைக் கூட்டுவார். எதிர்வீட்டுப் பெரியப்பா அவர் வாசலிலேயே நாற்காலி போட்டுக்கொள்வார், பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். யாரும் யார் பக்கத்திலும் வரவில்லை, ஆனால் எல்லோரும் ஒரே பாட்டைக் கேட்டோம். சென்னையில் பத்து வருடம் காதுக்குள் தனியாகக் கேட்டுப் பழகியிருந்த எனக்கு, அடுத்த பாட்டு என்னவாக இருக்கும் என்று ஐந்து வீட்டு ஜனம் வாசலில் உட்கார்ந்து பந்தயம் கட்டுவது புதிதாக இருந்தது. அப்பாவுக்குப் புதிதில்லை. கல்யாண வீட்டு ஸ்பீக்கரும் டீக்கடை ரேடியோவும் இலங்கை வானொலியும் அப்படித்தான் கேட்கப்பட்டன என்றார்.

நேயர் விருப்பத்துக்குப் போன் போடுகிறவர்களின் பேச்சே வேறாகிவிட்டது. முன்பெல்லாம் பேர், ஊர், என்ன பண்றீங்க, சாப்பிட்டீங்களா, பாட்டு, இவ்வளவுதான். ஊரடங்கில் பாட்டு கடைசியில்தான் வந்தது. ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி மூடி அங்கேயே மாட்டிக்கொண்ட மகனுக்காகக் கேட்டார், அவனும் அங்கே இதே நேரத்தில் போனில் இந்த நிகழ்ச்சியைக் கேட்பதாகச் சொன்னார். ஒரு அம்மா முல்லைப்பூ சாகுபடி செய்கிறவர். பூ சந்தை மூடிக் கிடக்கிறது, கோயில் கிடையாது, கல்யாணம் கிடையாது, பறிக்காமல் விட்டால் செடி கெட்டுவிடும் என்பதால் தினமும் விடியற்காலை பறித்து வரப்பிலேயே கொட்டுகிறோம் என்றார். எங்கள் பக்கத்து ஊர்களில் அதுதான் நிலைமை, வரப்பெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. அறிவிப்பாளர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "உங்களுக்கு என்ன பாட்டும்மா வேணும்?" என்றார். பூவைப் பற்றிய பாட்டாகவே கேட்டார் அந்த அம்மா. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் போனிலேயே எஃப்.எம். வைத்து, பாத்திக் கரையில் ஒரு சட்டியைக் கவிழ்த்து அதன் மேல் போனை வைத்துக் கேட்பார்கள், சத்தம் பெருசாக வரும். அங்கிருந்தும் கூப்பிட்டார்கள், பின்னால் காற்று அடிக்கிற சத்தத்திலேயே உப்பளம் என்று தெரிந்துவிடும்.

தனியார் எஃப்.எம். தொகுப்பாளர்கள் பலர் வீட்டிலிருந்தே பேசினார்கள். ஊருக்கு வந்த பிறகு போன் செயலியில் நான் சென்னை ஸ்டேஷன் ஒன்றைக் கேட்டபோது, தினமும் துள்ளித் துள்ளிப் பேசுகிற பெண்ணின் குரலுக்குப் பின்னால் காக்கா கத்தியது, குக்கர் விசில் அடித்தது. அவர் சிரித்துக்கொண்டே, "பக்கத்து வீட்டுல சாம்பார்" என்றார். அவருடைய குரலை எனக்கு ஐந்து வருடமாகத் தெரியும், அன்றைக்குத்தான் அவர் ஒரு வீட்டில் இருக்கிறார் என்று தோன்றியது.

ராத்திரியில் காற்று வாகாக இருந்தால் எங்கள் கரையில் இலங்கைப் பண்பலைகள் தெளிவாக விழும். அங்கே எங்களுக்கும் முன்பே, மார்ச் 20 மாலையிலிருந்தே ஊரடங்கு. எந்த மாவட்டத்தில் எத்தனை மணிக்குத் தளர்த்துகிறார்கள், திரும்ப எத்தனை மணிக்கு அமல் என்று வரிசையாக வாசிப்பார்கள். அங்கே அதை ஊரடங்குச் சட்டம் என்றார்கள். எங்களுக்கு அந்தச் சொல்லே அப்போதுதான் வாயில் நுழைந்துகொண்டிருந்தது, அவர்களுக்கோ அது யுத்த காலத்திலிருந்து தெரிந்த சொல். அந்த அறிவிப்பாளர்கள் அதை வாசித்த விதத்தில் ஒரு பழக்கம் இருந்தது, பதற்றமே இல்லை. எனக்கு அதைக் கேட்கக் கேட்க வயிற்றைப் பிசைந்தது. இப்படி நிதானமாக வாசிப்பதற்கு ஒரு சமூகம் எத்தனை ராத்திரிகளைக் கடந்திருக்க வேண்டும்.

இதற்கு முன்பு இப்படி நடந்திருக்கிறதா என்று அந்த நாட்களில் நிறையத் தேடிப் படித்தேன். 1918 இன்ஃப்ளூயன்சாவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள், அப்போது வானொலி ஒலிபரப்பே பிறக்கவில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கே.டி.கே.ஏ. வானொலி நிலையம் தொடங்கியது 1920-ல், சென்னையில் ரேடியோ கிளப் 1924-ல். அந்தக் காய்ச்சலை எங்கள் கொள்ளுத் தாத்தா காலத்து ஜனம் தண்டோரா வழியாகவும் ஊர் ஊராகப் போன வதந்தி வழியாகவும்தான் தெரிந்துகொண்டிருக்கும். 1937-ல் சிகாகோவில் போலியோ பரவிப் பள்ளிக்கூடங்களைத் திறக்க முடியாமல் போனபோது, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ரேடியோவில் 15 நிமிடம் 15 நிமிடமாகப் பாடம் நடத்தினார்கள். பாட அட்டவணை காலைப் பேப்பரில் வரும், சந்தேகம் கேட்கப் போன் நம்பரும் கொடுத்தார்கள். 2014-ல் சியரா லியோனில் எபோலா வந்து பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது மறுபடி அதே வழி, அந்த அக்டோபரிலிருந்து ரேடியோவில் வகுப்பு. 2020-ல் எங்கள் தெருவில் ஆன்லைன் வகுப்புக்கு இரண்டு வீட்டில்தான் வசதி இருந்தது, அதிலும் சிக்னலுக்கு மாடிப்படியில் ஏற வேண்டும். ஐம்பது ரூபாய் பேட்டரியில் மூன்று நான்கு வாரம் ஓடுகிற ஒரு பெட்டி எல்லோர் கைக்கும் எட்டுகிற தூரத்தில் இருந்தது. அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நாம் இன்னும் எவ்வளவோ பயன்படுத்தியிருக்கலாம்.

ரேடியோ எல்லாவற்றையும் சரியாகச் செய்தது என்று எழுதினால் அது பொய். ஆகாசவாணி அரசாங்கம் சொன்னதைச் சொன்னது, அதற்கு மேல் தோண்டவில்லை. சென்னையில் கணக்கில் விட்டுப்போன 444 இறப்புகளை 2020 ஜூலை 22-ல் தமிழக அரசு சேர்த்தபோதுதான் அந்த எண் எங்கள் ரேடியோவுக்கும் வந்தது. நிதானமான குரலில் சொல்லப்படுகிற எண் முழுமையான எண்ணாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தனியார் எஃப்.எம்.களுக்கு இந்த நாட்டில் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதியே இல்லை, ஆகாசவாணிச் செய்தியை எடுத்து ஒலிபரப்பலாம், அதுவும் 2019-லிருந்துதான். டிவி சேனல் 24 மணி நேரமும் கத்தலாம், வாட்ஸ்அப்பில் யார் வேண்டுமானாலும் டாக்டர் ஆகலாம், ஆனால் ஊருக்குள் இருக்கிற ஒரு ரேடியோ ஸ்டேஷன் தன் ஊர் ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறதா என்று விசாரித்து ஒரு செய்தியாகச் சொல்லக் கூடாது. இதைவிடத் தப்பான ஒரு விதியை நான் பார்த்ததில்லை. மணிக்குப் பத்து நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை 2020 பிப்ரவரியிலேயே நடைமுறைக்கு வந்திருந்தால் எங்கள் பெரியம்மா பூண்டைத் தொட்டிருக்க மாட்டார்.

2020 ஆகஸ்டில் எஸ்.பி.பி. ஆஸ்பத்திரியில் படுத்தார். 20-ஆம் தேதி மாலை 6 மணிக்கு எல்லோரும் அவருக்காகப் பிரார்த்தனை செய்து அவர் பாட்டைப் போடுவது என்று திரையுலகத்தினர் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் தெருவில் ரேடியோ இருந்த வீடு ரேடியோவிலும், இல்லாத வீடு போனிலுமாக ஒரே நேரத்தில் வைத்தார்கள். வேறு வேறு பாட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி எதுவும் சரியாகக் கேட்கவில்லை, ஆனால் எல்லாம் ஒரே குரல். செப்டம்பர் 25 மதியம் அவர் போய்விட்டார். அன்று முழுக்க ரேடியோவை யாரும் அணைக்கவில்லை. அப்பா ராத்திரி பேட்டரி தீர்ந்துபோய்க் குரல் இழுக்க ஆரம்பித்த பிறகும் அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது அலை எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. 2021 மே 10-ல் மறுபடி முழு ஊரடங்கு, அந்த வாரக் கடைசியில் அப்பாவுக்குக் காய்ச்சல், ஆக்சிஜன் அளவு 88. ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் விடவில்லை. நான் கொடுத்தனுப்பிய பையில் வேட்டி, துண்டு, மாத்திரை, போன் சார்ஜர், அத்தோடு சட்டைப் பையில் அடங்குகிற ஒரு சின்ன ரேடியோ. பெரிய ரேடியோ அம்மாவுக்கு வேண்டும் என்று அதை வீட்டிலேயே விட்டுவிட்டார். போன் சார்ஜ் போட இடம் கிடைப்பது கஷ்டம், பேசினால் மூச்சு வாங்குகிறது, அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். 7.15 செய்தியை அவரும் கேட்பார், நாங்களும் கேட்போம். முடிந்ததும் அவர் ஒரே ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அந்த மிஸ்டு கால் வருகிறவரை அம்மா அடுப்பைப் பற்ற வைக்க மாட்டார்.

பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தவர் சொன்னதில் எனக்கு மறக்காதது ஒன்று உண்டு. ராத்திரி டியூட்டி நர்ஸ்கள் அந்தப் பாதுகாப்பு உடையைப் போட்டால் ஆறு மணி நேரம் கழற்ற முடியாது, போனைத் தொட முடியாது, வாட்ச் உள்ளே மறைந்துவிடும். அதனால் அப்பா படுக்கைப் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு நர்ஸ், "அய்யா, ரேடியோவுல மணி சொன்னாங்களா?" என்று கேட்பாராம். அப்பா அவருக்காகவே இரவு நிகழ்ச்சி முடிகிறவரை தூங்காமல் மெதுவாக வைத்துக்கொண்டு மணி சொல்லியிருக்கிறார். அந்த வார்டில் மணி சொல்லும் வேலை எனக்கு என்று அவ்வளவு சீரியஸாகச் சொன்னார். வரும்போது அந்த ரேடியோவை அங்கேயே கொடுத்துவிட்டார். பக்கத்துப் படுக்கைக்காரர் கேட்டாராம்.

இப்போது நான் மறுபடி சென்னையில். பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டு முக்கால் மணி நேரம் ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது, ஹெட்போன்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், ஆனால் பாதிப் பேர் காதில் இருப்பது பாட்டுச் செயலி. என் புதுப் போனில் ஹெட்போன் ஒயர் செருகுகிற ஓட்டையே இல்லை, ஒயர் இல்லாவிட்டால் போனுக்கு ஏரியல் இல்லை, ஏரியல் இல்லாவிட்டால் நெட் போன அன்றைக்கு எஃப்.எம். இல்லை. போன்களில் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள், பேரிடர் நேரத்தில் தேவைப்படும் என்று 2023 ஏப்ரலில் மத்திய அரசு கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டால் போதாது, கட்டாயமாக்க வேண்டும். புயலும் தொற்றும் பார்த்த ஊர்க்காரியாக இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

ஊரில் திண்ணைக் கூட்டம் கலைந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெரியப்பா இல்லை, பெரியம்மா சீரியலுக்குத் திரும்பிவிட்டார். ஆனால் காலை 7.15 மட்டும் எங்கள் வீட்டில் நிற்கவில்லை. நான் இங்கே ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் வைத்துக்கொண்டு, அதே நேரத்தில் அம்மாவுக்குப் போன் போடுவேன். செயலி வழியாக வருவது ரேடியோவுக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும். அதனால் போனுக்குள் அங்கே செய்தி நிறைவடைந்து, அம்மா கரண்டியை எடுக்கிற சத்தம் கேட்கும்போது, எனக்கு இன்னும் வானிலை வாசித்துக்கொண்டிருப்பார்கள். "உனக்கு இன்னும் முடியலையா?" என்பார் அம்மா. "இருங்கம்மா, இன்னும் நாகப்பட்டினம் வரல" என்பேன். அவர் அரிசியைக் களைந்துகொண்டே காத்திருப்பார்.